ஸ்கோப் ரிங் வாங்கறதுக்கு முன்னாடி: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விங்க

ஓசூர்ல டூல் ரூம் வேலை, லீவு நாள்ல ஷூட்டிங் ரேஞ்ச். இந்த ரெண்டும் தெரிஞ்சவன்னு பேர் வந்துட்டதால பாலக்கோட்டுல இருந்து தேன்கனிக்கோட்டை வரைக்கும் யார் துப்பாக்கிக்கு ஸ்கோப் (குறி பாக்கற தொலைநோக்கி) வாங்கினாலும் எங்கிட்ட தான் போன் வருது. பாதிக்கு மேல ரிங் பத்தின சந்தேகம். மாசக்கணக்குல யோசிச்சு ஸ்கோப் எடுக்கறாங்க, ரிங்க மட்டும் கடைக்காரர் கைல எது வந்ததோ அத வாங்கிட்டு வர்றாங்க. அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன். கேக்கறவங்கள்ல முக்காவாசி ஏர் ரைஃபிள்காரங்க, கொஞ்ச பேர் லைசன்ஸ்ல .22, .315 தோட்டா ரைஃபிள் வச்சிருக்கறவங்க. வெளிநாட்டு ரிங் பாக்கெட்ல ஹண்டிங்னு பெருசா போட்டிருக்கும், நமக்கு அது டார்கெட்டுக்கு மட்டும், ஏன்னு கீழ வரும்.

"அண்ணா, ரிங், மவுண்ட், பேஸ்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எல்லாம் ஒண்ணு தானா?"

ஸ்கோப் குழாயச் சுத்திப் பிடிக்கறது ரிங். துப்பாக்கி மேல இருக்கற, ரிங்கோட கால் போய்க் கவ்வற பகுதி ரயில், அதையே பேஸ்னும் சொல்வாங்க. சில துப்பாக்கில ரயில் உடம்புலயே வெட்டி வரும், சிலதுல தனியா வாங்கி ஸ்குரூ போட்டு மாட்டணும். ரெண்டு ரிங்கும் ஒரே கட்டையில சேர்ந்து வந்தா அது ஒன் பீஸ் மவுண்ட். கடைக்குப் போறப்ப மூணு விஷயம் தெரிஞ்சிருந்தா போதும்: என்ன ரயில், ஸ்கோப் குழாய் என்ன சைஸ், எவ்ளோ உயரம். இந்த மூணும் தெரியாம பிராண்ட் கேக்கறது வீண்.

"என் துப்பாக்கில எந்த ரயில்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

மேல இருந்து பாருங்க. நீளவாக்குல ரெண்டு பக்கமும் சாய்வா வெட்டின காடி மட்டும் இருந்தா டவ்டெயில். ஏர் ரைஃபிள்லயும் .22லயும் பெரும்பாலும் இது தான். குறுக்க வரிசையா பள்ளம் வெட்டியிருந்தா வீவர், இல்லைன்னா பிகாட்டினி. டவ்டெயில 11 மிமீன்னு சொல்லித் தான் விப்பாங்க, ஆனா .22 துப்பாக்கிங்க பலதுல அது 3/8 இஞ்ச், அதாவது 9.5 மிமீ, சில ஏர் ரைஃபிள்ல 13 மிமீ பக்கம் கூட போகும், சாய்வு வெட்டின கோணமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால வெர்னியர் வச்சு அளந்துட்டுப் போங்க. ரிங்க மாட்டினதும் டார்ச் அடிச்சுப் பாருங்க, தாடை காடிக்குள்ள முழுசா படிஞ்சு உக்காரணும், விளிம்புல மட்டும் தொட்டுக்கிட்டு நின்னா அந்த ரிங் அந்தத் துப்பாக்கிக்கு இல்ல.

வீவர், பிகாட்டினி ரெண்டும் பாக்க ஒண்ணாட்டம் தான் இருக்கும். பிகாட்டினி அமெரிக்க ராணுவம் 1995ல ஸ்டாண்டர்டு ஆக்கினது, பள்ளத்தோட அகலம் 5.23 மிமீ, ஒரு பள்ளத்தோட சென்டர்ல இருந்து அடுத்ததோட சென்டருக்கு 10.01 மிமீ. வீவர் அதுக்கும் பழசு, பள்ளம் 4.57 மிமீ தான், இடைவெளியும் ஒரே சீரா இருக்காது. வீவர் ரிங் பிகாட்டினில உக்காந்துடும். பிகாட்டினி ரிங்கோட குறுக்கு போல்ட் தடிமனா இருக்கறதால வீவர் பள்ளத்துல பல சமயம் எறங்காது. டவ்டெயில பிகாட்டினியா மாத்தற அடாப்டர் கெடைக்குது, ஆனா அது ஒரு ஜாயிண்ட் அதிகம், உயரமும் கூடும், வேற வழி இருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க.

"என் ஸ்கோப் 3-9×40. 40 மிமீ ரிங் கேட்டா கடைக்காரர் சிரிக்கறார்"

சிரிக்காம சொல்லியிருக்கலாம் அவரு. 40ங்கறது முன்னாடி கண்ணாடியோட அளவு. ரிங் பிடிக்கறது நடுக்குழாயை. அது 1 இஞ்ச், அதாவது 25.4 மிமீ, இல்லைன்னா 30 மிமீ, பெரிய விலை ஸ்கோப்புல 34 மிமீ. ஸ்கோப் பாக்ஸ்லயோ புக்லயோ போட்டிருக்கும், இல்லைன்னா வெர்னியர். 30 மிமீ ரிங்குல 1 இஞ்ச் ஸ்கோப்ப வைக்க பிளாஸ்டிக் புஷ் கெடைக்குது, கைல 30 ரிங் ஏற்கனவே கெடக்குதுன்னா பரவால்ல, புதுசா வாங்கறவங்களுக்கு எதுக்கு அந்த வேலை. உல்டாவா, 1 இஞ்ச் ரிங்குல 30 மிமீ ஸ்கோப்ப அமுக்கி வைக்கப் பாத்தவங்களும் இருக்காங்க, குழாய் போச்சு.

"லோ, மீடியம், ஹைனு மூணு இருக்கு. நான் எத எடுக்கறது?"

இந்தப் பேர நம்பாதீங்க, ஒரு கம்பெனியோட மீடியம் இன்னொருத்தரோட ஹை. மில்லிமீட்டர்ல எவ்ளோன்னு பாருங்க. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, சிலர் ரயில் மேல் பரப்புல இருந்து ரிங்கோட சென்டர் வரைக்கும் அளக்கறாங்க, சிலர் குழாயோட அடி வரைக்கும் தான் அளக்கறாங்க. 1 இஞ்ச் குழாய்ல இந்த ரெண்டுக்கும் 12.7 மிமீ வித்தியாசம், 30 மிமீ குழாய்ல 15. எந்த அளவுன்னு கேக்காம ஆர்டர் போட்டா திருப்பி அனுப்பற வேலை தான்.

கணக்கு ஈஸி. ஸ்கோப்போட முன் மூக்கு வெளி விட்டத்த அளங்க (கண்ணாடி 40னா வெளிய 47, 48 வரும், 50னா 57 பக்கம்). அதுல பாதி எடுத்து 2 மிமீ சேத்துக்கோங்க. 40 ஸ்கோப்புக்கு சென்டர் உயரம் சுமாரா 26 மிமீ, 50க்கு 31 மிமீ. இது மூக்கு ரயிலுக்கு மேலயே வந்து நின்னா. மூக்கு ரயிலத் தாண்டி பேரல் மேல நின்னா பேரல் தாழ்வா இருக்கறதால இன்னும் கொறைவா போகலாம். போல்ட் ஆக்ஷன்ல (கைப்பிடிய தூக்கி இழுத்து தோட்டா ஏத்தற துப்பாக்கி) போல்ட் கைப்பிடிய தூக்கறப்ப ஸ்கோப்போட பின் பக்கத்துல இடிக்குதான்னும், மேகசின் ரயிலுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கற ஏர் ரைஃபிள்ல அதுவும் இடிக்குதான்னும் பாத்துக்கோங்க.

"சேஃப்டிக்கு ஹையே வாங்கிட்டா என்ன?"

கன்னம் ஸ்டாக்குல (தோள்ல வைக்கற பின் கட்டை) படியாது. தலைய அந்தரத்துல தூக்கிப் பிடிச்சுட்டு சுட வேண்டியது தான், ஒவ்வொரு தடவையும் கண்ணு வேற வேற எடத்துல வரும், குரூப், அதாவது குண்டுங்க விழற கூட்டம், விரிஞ்சு போகும். அதுமில்லாம உயரம் ஏற ஏற துப்பாக்கி கொஞ்சம் சாஞ்சாலும் தப்பு பெருசாகும். இடிக்காத அளவுக்கு எது தாழ்வோ அது தான் சரியான உயரம். ஸ்டாக்ல கன்னம் வைக்கற எடம் தாழ்வா இருக்கற சில துப்பாக்கிக்கு மட்டும் மீடியம் நல்லா வரும், கண்ண மூடி கன்னத்த வச்சுட்டுத் தெறந்து பாருங்க, படம் முழுசா தெரிஞ்சா உயரம் சரி.

"ஏர் கன்னுக்கு கிக்கே இல்லையே, எதுக்கு நல்ல ரிங்?"

பிசிபிக்கு (சிலிண்டர்ல அடைச்சு வச்ச காத்துல சுடற ஏர் ரைஃபிள்) இது சரி, அதுல ஒதறலே கெடையாது, சாதாரண நல்ல ரிங் போதும். ஸ்பிரிங் துப்பாக்கி கதை வேற. டிரிக்கர் விட்டதும் பிஸ்டன் முன்னாடி பாயுது, துப்பாக்கி பின்னாடி வருது, உடனே பிஸ்டன் போய் முட்டி நிக்கறப்ப துப்பாக்கி முன்னாடி இழுக்குது. பெரிய தோட்டா ரைஃபிள்ல ஒரே பக்கம் உதை, ஸ்பிரிங்ல ரெண்டு பக்கம் உதை. பெரிய ரைஃபிள் ஸ்கோப் சிலது ஸ்பிரிங் துப்பாக்கில ஒடையறது இதனால தான், உள்ள லென்ஸ் எல்லாம் ஒரு பக்க உதைக்கு மட்டும் கணக்குப் பண்ணி உக்கார வச்சிருப்பாங்க. ஸ்கோப் வாங்கறப்பயே ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஆகுமான்னு கேட்டுடுங்க.

"ஸ்கோப் ரிங்கோட சேந்து பின்னாடி நகந்துக்கிட்டே வருது, எவ்ளோ டைட் பண்ணியும்"

மேல சொன்ன ரெண்டாவது உதை தான் காரணம். துப்பாக்கி முன்னாடி குதிக்குது, ஸ்கோப் இருந்த எடத்துலயே நிக்கப் பாக்குது, அதனால ரயில்ல பின்பக்கமா வழுக்குது. இதுக்கு டைட் பண்றது மருந்து இல்ல. ரயில் மேல ஒரு ஓட்டையோ குறுக்குக் காடியோ இருந்தா, ஸ்டாப் பின் இருக்கற மவுண்ட் வாங்கி, பின்ன அந்த ஓட்டைல எறக்கி மாட்டுங்க. ஓட்டையே இல்லைன்னா ரயில்லயே தனியா ஒரு ஸ்டாப் கட்டைய மவுண்ட்டுக்குப் பின்னாடி ஒட்டி வச்சு டைட் பண்ணலாம். ஓட்டை இல்லாத எடத்துல பின்ன அழுத்தி முடுக்காதீங்க, கீழ இருக்கறது பிஸ்டன் ஓடற குழாய். பீகேஎல்னு ஒரு மவுண்ட் வருது, அதோட பிடிப்பு ஸ்டாப் பின் இல்லாமயே டவ்டெயில்ல நிக்கற மாதிரி டிசைன்.

ரயில்லயும் ரிங் தாடைலயும் எண்ணெய் இல்லாம தொடைக்கறது ரொம்பப் பேர் செய்யாத வேலை. பாக்டரி எண்ணெயோட அப்படியே மாட்டிடறாங்க. மெடிக்கல்ல கெடைக்கற ஐசோபுரொபைல் ஆல்கஹால பஞ்சுல தொட்டுத் தொடைச்சா போதும்.

பிகாட்டினி இருக்கற பெரிய ரைஃபிளுக்கு இதுக்கு நேர் எதிர். டைட் பண்றதுக்கு முன்னாடி ரிங்க முன்பக்கமா, பேரல் வாய் இருக்கற பக்கமா தள்ளி, குறுக்கு போல்ட் பள்ளத்தோட முன் சுவத்துல முட்டி நிக்கற மாதிரி வச்சு முடுக்கணும். துப்பாக்கி பின்னாடி உதைக்கறப்ப ஸ்கோப் முன்னாடி போகப் பாக்கும், ஏற்கனவே முட்டி நின்னா அது போக எடம் இருக்காது.

"ஒன் பீஸ் நல்லதா, ரெண்டு தனித்தனி ரிங் நல்லதா?"

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளா, யோசிக்காம ஒன் பீஸ். ரயில பிடிக்கற நீளம் அதிகம், ரெண்டு வளையமும் ஒரே நேர்ல இருக்கும். மத்ததுக்கு டூ பீஸ் தான் வசதி, முன்ன பின்ன நகத்தி கண் தூரம் (கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல இருக்கற தூரம்) சரி பண்ணலாம், எடையும் கம்மி. போல்ட் ஆக்ஷன்ல ஒன் பீஸ் கட்டை தோட்டா போடற வாய மறைச்சுக்கிட்டு நிக்கறதும் உண்டு.

"ஸ்டீல் ரிங் தான் ஒழைக்கும்னு சொல்றாங்களே"

ஒழைக்கும், ஆனா அது மட்டும் காரணமா வாங்க வேண்டாம். 7075 டி6 அலுமினியம் நல்ல வலு, 6061 அதுக்கு அடுத்து, ரெண்டுமே ஏர் ரைஃபிளுக்கும் .22க்கும் தாராளம். ஸ்டீல் பெரிய காலிபர், கனமான ஸ்கோப், இந்த ரெண்டும் சேர்ற எடத்துல அர்த்தம் இருக்கு. அலுமினிய ரிங்குல பலவீனம் எங்கன்னா ஸ்குரூ மரை. நாலஞ்சு தடவ கண்டபடி முடுக்கினா மரை பிச்சுக்கும்.

தர்மபுரி வெயில்ல ரிங் லூஸ் ஆகுமான்னு ஒருத்தர் கேட்டாரு. ஸ்கோப் குழாய் பெரும்பாலும் அலுமினியம், ரிங்கும் அலுமினியம்னா ரெண்டும் சேந்தே விரியும். ஸ்டீல் ரயில் மேல அலுமினியம் இருந்தாலும் 100 மிமீ நீளத்துக்கு 30 டிகிரி சூடு மாறினா 0.03 மிமீ தான் வித்தியாசம். அதுக்காக மே மாசம் மூடின கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, ரிங்குக்கு ஒண்ணும் ஆகாது, பிசிபி சிலிண்டர நெனச்சு சொல்றேன்.

"சில நூறு ரூபாய்க்கும் ரிங் இருக்கு, பல ஆயிரத்துக்கும் இருக்கு. என்ன தான் வித்தியாசம்?"

வளையம் ரெண்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கா, உள்வட்டம் உண்மையிலேயே வட்டமா, இந்த ரெண்டுக்குத் தான் காசு. ரெண்டு ரிங்குக்கும் நடுவுல 100 மிமீ தூரம்னு வைங்க, ஒரு ரிங் இன்னொண்ண விட 0.1 மிமீ உயரமா இருந்தா 25 மீட்டர்ல 25 மிமீ தள்ளிப் போகும், 100 மீட்டர்ல 10 செமீ. டரட்ட (ஸ்கோப்புல குறி மாத்தற திருகு) திருகி அத சரி பண்ணிடலாம், ஆனா குழாய் வளைஞ்சு இறுக்கத்துல இருக்கும், உள்ள இருக்கற மெக்கானிசமும் ஒழுங்கா வேலை செய்யாது. மெஷின் ஷாப்ல வேலை செய்யறவங்களுக்கு 0.1ங்கறது எவ்ளோ பெரிய தப்புன்னு தெரியும், விலை கம்மி ரிங்குல அது சர்வ சாதாரணம்.

கைல வாங்கிப் பாருங்க. ரெண்டு ரிங்கையும் சமதளத்துல பக்கத்துல பக்கத்துல வச்சா உயரம் சமமா? மேல் மூடிய ஸ்குரூ இல்லாம வச்சா ஆடாம உக்காருதா? உள்ள பிசிறு இருக்கா? ஸ்குரூ தலை சாவி போடறப்பயே வழவழன்னு வழுக்குதா? குழாய்ல ரிங்க மாட்டி நாலு ஸ்குரூவும் முடுக்கினதுக்கு அப்பறம் ரெண்டு பக்கமும் மூடிக்கும் அடிக்கும் நடுவுல சந்து இருக்கணும், மூடி வந்து அடியத் தொட்டுடுச்சுன்னா ரிங் குழாய பிடிக்கவே இல்லைன்னு அர்த்தம். பிராண்ட் கேட்டா ஏர் ரைஃபிளுக்கு ஸ்போர்ட்ஸ்மேட்ச், ஹாக், பீகேஎல். பெரிய ரைஃபிளுக்கு வார்ன், லியூபோல்ட், டாலி, பர்ரிஸ். என் கணக்கு ஒண்ணு தான், துப்பாக்கி, ஸ்கோப், ரிங் மூணுக்கும் சேத்து ஒரு பட்ஜெட் போடுங்க, ரிங்குக்கு ஒதுக்கினத ஸ்கோப்புக்குத் திருப்பாதீங்க.

"நம்ம ஓசூர்ல இல்லாத சிஎன்சியா? ரிங்க நாமளே போட்டுக்கலாமே"

ரிங் மட்டும்னா போடலாம், தெரிஞ்ச கை வேணும். ரெண்டு பாதிக்கும் நடுவுல ஷிம் (மெல்லிய தகடு) வச்சு முடுக்கி, ரெண்டு ரிங்கையும் ஒரே செட்டிங்ல, ஒரே நேர்ல போர் பண்ணணும், அப்பறம் ஷிம்ம எடுத்தா மேல சொன்ன சந்து தானா வந்துடும். தனித்தனியா கழட்டி மாட்டி போட்டா கடைச் சரக்கை விட மோசமா வரும். ஸ்கிராப்ல கெடக்கற அலுமினியத்துல போடாதீங்க, என்ன கிரேடுன்னு தெரியாத உலோகத்துல மரை போட்டு நம்பறது எனக்கு ஒப்பாது. ஒண்ணே ஒண்ணு செய்ய செலவாகற நேரத்துக்கு நல்ல ரிங்கே வாங்கிடலாம்.

துப்பாக்கி மேல கை வைக்கறது வேற விஷயம். துப்பாக்கிய ரிப்பேர் பண்ணவும் மாத்தவும் 1959 ஆயுதச் சட்டத்துல தனி லைசன்ஸ் வேணும். தெரிஞ்ச பையன் டிரில்லிங் மெஷின் வச்சிருக்கான்னு ரிசீவர (பேரல் வந்து சேர்ற துப்பாக்கி உடம்பு) கொண்டு போய்க் குடுத்தா உங்களுக்கும் பிரச்சனை, அந்தப் பையனுக்கும் பிரச்சனை.

"தாத்தா காலத்து .315 இருக்கு, லைசன்ஸ் அப்பா பேர்ல. அதுக்கு ஸ்கோப் போட முடியுமா?"

இஷாப்பூர் .315 இரும்பு சைட்டோட வந்த துப்பாக்கி, ரயில் கெடையாது. ரிசீவர்ல ஓட்டை போட்டு மரை வெட்டி பேஸ் மாட்டணும், அது லைசன்ஸ் உள்ள கன்ஸ்மித் கையில தான், காரணம் முந்தின பதில்ல இருக்கு. ஓட்டை ஒரு அரை மிமீ சென்டர் விட்டுப் போனாலும் ஸ்கோப் ஒரு பக்கமா பாக்கும். அப்பறம் பேர் யார்து, லைசன்ஸ் யார்துன்னும் பாத்துக்கோங்க, அப்பா பேர்ல இருக்கறத அவர் தான் எடுத்துட்டுப் போகணும். உண்மையச் சொன்னா, அந்தப் பழைய துப்பாக்கிய அப்படியே விட்டுடறது தான் எனக்குப் பிடிக்கும்.

"எவ்ளோ டைட் பண்ணணும்? நான் கைக்கு வந்த வரைக்கும் முடுக்கிடுவேன்"

அங்க தான் பாதி ஸ்கோப் சாகுது. ரிங் மேல் மூடி ஸ்குரூவுக்கு பெரும்பாலான கம்பெனி சொல்றது 15ல இருந்து 18 இஞ்ச் பவுண்ட், நம்ம கணக்குல 1.7ல இருந்து 2 நியூட்டன் மீட்டர். அது ரொம்பக் கம்மி. சின்ன ஆலன் கீயோட குட்டை பக்கத்தக் கைல பிடிச்சு ரெண்டு விரல்ல திருப்பினாலே கிட்டத்தட்ட வந்துடும், நீட்டுப் பக்கத்தப் பிடிச்சு முடுக்கினா தாண்டிப் போயிடுவீங்க. குழாய் சுவர் மெல்லிசு, நசுங்கினா ஜூம் வளையம் இறுகும், பேரலாக்ஸ் திருகு (தூரத்துக்கு ஏத்தபடி படத்த சரி பண்றது) சிக்கும், தடம் விழும், வாரண்டியும் போகும். ரயில பிடிக்கற கீழ் நட்டு வேற கணக்கு, பெரிய குறுக்கு போல்ட் நட்டுக்கு 65 இஞ்ச் பவுண்ட், அதாவது 7.3 நியூட்டன் மீட்டர் வரைக்கும் சொல்வாங்க, டவ்டெயில் குட்டி ஸ்குரூவுக்கு அதுல பாதி கூட தாங்காது. உங்க ரிங்கோட வந்த பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதுக்குத் தான் முதல் மரியாதை.

முறை இது தான். கீழ் பக்கத்த முதல்ல முடுக்குங்க. ஸ்கோப்ப வச்சு மூடிய லேசா மாட்டி கண் தூரமும் மட்டமும் பாருங்க. அப்பறம் கார் வீல் நட்டு மாதிரி குறுக்க குறுக்க, ஒவ்வொண்ணும் கால் சுத்து கால் சுத்தா, ரெண்டு பக்க சந்தும் சமமா வர்ற மாதிரி. ஒரு பக்கத்த முழுசா முடுக்கிட்டு மறு பக்கம் வந்தா ஸ்கோப் சுழண்டுடும், மட்டம் போயிடும். இஞ்ச் பவுண்ட் டார்க் டிரைவர் ஒண்ணு நண்பர்கள் சேந்து வாங்கி வச்சுக்கலாம், சைக்கிள் கடைக்காரங்க வச்சிருக்கற 2 நியூட்டன் மீட்டர் காட்டற குட்டி டார்க் ரெஞ்சும் இதுக்கு ஆகும். பிட் டி15 ஸ்டாரா, ஆலனான்னு பாத்து சரியான சைஸ் போடுங்க.

"லாக்டைட் போடலாமா?"

பேஸ ரிசீவரோட சேக்கற ஸ்குரூவுக்கு நீல லாக்டைட் (ஸ்குரூ லூஸ் ஆகாம பிடிக்கற பசை) ஒரு சொட்டு, சரி. ரிங் மேல் மூடிக்கு வேண்டாம். ஈரமா இருக்கற மரை வழுக்கும், அதே டார்க்ல ரொம்ப அதிகமா அழுத்தம் ஏறிடும், மேல சொன்ன நம்பர் எல்லாம் காய்ஞ்ச ஸ்குரூவுக்கு. செவப்ப தொடவே தொடாதீங்க, கழட்ட சூடு வைக்கணும், ஸ்கோப் பக்கத்துல சூடா?

"குறுக்குக் கோடு நேரா இருக்கான்னு கண்ணால பாத்தா போதாதா?"

போதாது, நாம துப்பாக்கிய எடுக்கறப்பயே கொஞ்சம் சாச்சுத் தான் பிடிப்போம், அந்தச் சாய்வ நேருன்னு கண்ணு நம்பிடும். கொத்தனார் தூக்குக்குண்ட சுவத்துல தொங்க விடுங்க, துப்பாக்கிய ரயில்ல மட்டம் வச்சு நேராக்கி அசையாம நிறுத்துங்க, ஸ்கோப்புல தெரியற நெட்டுக் கோட்ட நூலோட சேருங்க. ஸ்கோப் பேரலுக்கு 50 மிமீ மேல இருந்து 5 டிகிரி சாஞ்சு மாட்டியிருந்தா ஸ்கோப்போட சென்டர் 4 மிமீக்கு மேல பக்கவாட்டுல விலகி நிக்கும். 25 மீட்டர்ல ஜீரோ பண்ணினா, அதாவது குண்டு குறிலயே விழற மாதிரி ஸ்கோப்ப சரி பண்ணினா, அங்க சரியா விழும், 10 மீட்டர்ல ஒரு பக்கம், 50ல மறு பக்கம். காத்து மேல பழி போடுவீங்க.

"லேப்பிங் பண்ணணுமா? வீடியோல எல்லாம் பண்றாங்க"

நல்ல ரிங்குக்குத் தேவையில்ல, மட்டமான ரிங்குக்கு அந்த நேரத்த செலவு பண்றதுக்கு வேற ரிங் வாங்கலாம். நடுத்தரத்துக்கு வேணும்னா செய்யலாம், ஸ்டீல் ராடுல தேய்ப்புப் பசை போட்டு ரெண்டு ரிங்கையும் சேத்துத் தேய்க்கறது. ரொம்பத் தேய்ச்சா வளையம் பெருசாகி பிடிப்பே போயிடும். உள்ள பிளாஸ்டிக் செருகு இருக்கற ரிங்க, பர்ரிஸ் சிக்னேச்சர் மாதிரி, லேப் பண்ணவே கூடாது, அந்தச் செருகே தானா சாஞ்சு குழாயோட நேராகிடும்.

"டரட்ட முழுசா மேல திருகியும் குண்டு கீழ தான் விழுது, ஸ்கோப் டூப்ளிகேட்டா?"

மடக்கற பேரல் ஏர் ரைஃபிள்ல இது சகஜம், பேரல் ரயிலை விட கொஞ்சம் கீழ் நோக்கித் தொங்கி நிக்கும். ஸ்கோப்போட பின்பக்கத்த தூக்கணும். பின் ரிங்குல குழாய்க்கு அடில ஒரு துண்டு கூல்டிரிங்க் டின் தகடு வைக்கலாம், சுமாரா 0.1 மிமீ, அந்த விலை கேள்வில போட்ட கணக்குப்படி 25 மீட்டர்ல 25 மிமீ ஏறும். ஒண்ணு, அதிகபட்சம் ரெண்டு. அதுக்கு மேல அடுக்கினா குழாய் வளையும். இன்னும் பத்தலைன்னா சாய்வா வெட்டின மவுண்ட், இல்லைன்னா ஸ்போர்ட்ஸ்மேட்ச்ல வர்ற உயரம் மாத்தற மவுண்ட். பிகாட்டினில 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏன்னா ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு) ரயில்னு விக்கறது இதே வேலைக்குத் தான், 100 மீட்டர்ல 58 செமீ மாத்தும். சாச்சுப் போடறப்ப உயரம் கூடின பக்கம் பின்னாடி வரணும், திருப்பி மாட்டிட்டு இன்னும் கீழ போகுதேன்னு கேக்கறவங்க நிறைய.

"கழட்டி மாட்டற லிவர் ரிங் வாங்கலாமா? திரும்ப மாட்டினா ஜீரோ நிக்குமா?"

நல்ல கம்பெனி, பிகாட்டினி ரயில், அதே பள்ளத்துல, அதே மாதிரி முன்னாடி தள்ளி மாட்டினா கிட்டத்தட்ட நிக்கும், மாட்டினதும் ரெண்டு மூணு குண்டு போட்டுப் பாக்கணும். டவ்டெயில்ல லிவர் வேண்டாம். தொப்பூர் கணவாய் வழியா டிக்கில குலுங்கிட்டு வருதுன்னு கழட்டி மாட்டறாங்க சிலர், அதுக்கு ஒரு கெட்டியான பெட்டி வாங்கறது மேல்.

"ஜீரோ நிக்கவே மாட்டேங்குது. ஸ்கோப்பா, ரிங்கா, நானா?"

இந்த வரிசைல பாருங்க. முதல்ல ஸ்டாக் ஸ்குரூ, ஸ்பிரிங் துப்பாக்கில அது தான் அதிகமா லூஸ் ஆகும், யாரும் பாக்கறதில்ல. அடுத்து பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு), ஒரே டின்ல இருந்து போடுங்க. அப்பறம் ரிங். வெள்ளை பெயிண்ட் மார்க்கர்ல ரிங்குக்கும் குழாய்க்கும் குறுக்க ஒரு மெல்லிய கோடு, ரிங்குக்கும் ரயிலுக்கும் இன்னொண்ணு. ஒரு டின் பாதி சுட்டுட்டுப் பாருங்க. குழாய்ல கோடு விலகினா மேல் மூடி, ரயில்ல விலகினா கீழ் தாடை இல்லைன்னா ஸ்டாப் பின். எதுவும் விலகல, ஆனாலும் குண்டு அலையுதுன்னா ஸ்கோப்ப சந்தேகப்படுங்க, வேற ஸ்கோப்ப அதே ரிங்குல மாட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, 100 கெஜத்துக்கு பேரலாக்ஸ் வச்சு வர்ற பெரிய ரைஃபிள் ஸ்கோப்ப 10 மீட்டர்ல பாத்தா படம் மங்கலா இருக்கும், கண்ண அசைச்சா குறுக்குக் கோடு டார்கெட் மேல நகரும். அது ரிங் தப்பு இல்ல. ஏர் ரைஃபிள் ஸ்கோப்புல 10 கெஜம் வரைக்கும் கொண்டு வர்ற வளையம் இருக்கும், அத வாங்கணும்.

"பையன் டிஸ்ட்ரிக்ட் போட்டிக்குப் போறான், ஸ்கோப் எது போடலாம்?"

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டில ஸ்கோப்பே கூடாது. 50 மீட்டர் .22 போட்டிலயும் அப்படித் தான். பீப் சைட் (சின்ன ஓட்டை வழியா குறி பாக்கறது), இல்லைன்னா ஓபன் சைட் (தெறந்த காடி வழியா குறி பாக்கறது) பிரிவு. ஸ்கோப் காச கோச்சிங்குக்குக் கட்டுங்க.

"மாந்தோப்புல காட்டுப்பன்னி தொல்லை தாங்கல. நல்ல ஸ்கோப்பும் ரிங்கும் இருந்தா ராத்திரில..."

வேண்டாம். காட்டு மிருகத்த சுடறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், பட்டா நிலமா இருந்தாலும் சரி, பயிர அழிச்சாலும் சரி, நாமளா சுட முடியாது. வனத்துறைக்கு எழுதிக் குடுங்க, பயிர் சேதத்துக்கு இழப்பீடு மனுவும் அங்க தான். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் காவேரி வடக்கு சரணாலயம் 2014ல இருந்தும் காவேரி தெற்கு 2022ல இருந்தும் இருக்கு, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் இருக்கறவங்க அனுமதி இல்லாம ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள நொழைஞ்சாலே கேஸ். ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் வேண்டாமேன்னு கேக்கறவங்களுக்கு: 4.5 மிமீ காலிபர், 20 ஜூலுக்குள்ள இருந்தா தான் அந்தச் சலுகை, .22 ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் வேணும். தோப்புல டார்கெட் அடிக்கறதா இருந்தாலும் பின்னாடி மண் மேடு இருக்கணும், வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் நடக்கற பாதை இருந்தா அந்தத் தெசைல கூடவே கூடாது.

"பழைய ரிங்க புது ஸ்கோப்புக்குப் போடலாமா?"

குழாய் சைஸ் ஒண்ணுன்னா போடலாம். உள்ள பிசிறு, பழைய ஸ்கோப்போட பெயிண்ட் ஒட்டியிருக்கா பாத்து தொடைங்க, மேல் மூடியும் அடியும் ஜோடி மாறாம வைங்க, எந்த மூடி எந்த அடிக்கு, எந்தப் பக்கம் முன்னாடின்னு கழட்டறப்பயே புள்ளி வச்சுக்கோங்க. ஸ்குரூ தலை கொஞ்சம் வழுக்கியிருந்தாலும் புது ஸ்குரூ போட்டுடுங்க. புது ஸ்கோப்புல டரட் பெட்டியும் மூக்கும் எங்க இருக்குன்னு பாத்து ரிங்க நகத்தணும், வளையம் டரட் பெட்டிய ஒட்டியும் மூக்கு விரியற எடத்துலயும் உக்காரக் கூடாது, ரெண்டு பக்கமும் சில மிமீ விட்டு நேர் குழாய்ல மட்டும்.